சூப்பர்நோவாவின் வெளிச்சத்தைப் பின்தொடர்வது எப்படி? முதல் இரவிலிருந்து மறையும் வரை

2023 மே 19. ஜப்பானிய அமெச்சூர் வானியலாளர் கோயிச்சி இதாகாகி, எம்101 என்ற சுருள் விண்மீன் திரளின் கரத்தில், முந்தைய படங்களில் இல்லாத ஒரு புள்ளியைக் கண்டார். அப்போது அதன் பொலிவெண் (வெளிச்சத்தின் அளவு; எண் குறைந்தால் பிரகாசம் கூடுதல்) 14.9. சில நாட்களிலேயே 11-ஐ ஒட்டி வந்துவிட்டது. செய்தி பரவியதும் பலர் தங்கள் ஹார்டு டிஸ்க்கைத் துழாவத் தொடங்கினார்கள். எம்101 எல்லோரும் படம் பிடிக்கும் திரள். கண்டுபிடிப்புக்கு முந்தைய மணி நேரங்களில் யாராவது அதைப் படம் எடுத்திருப்பார்கள் அல்லவா? எடுத்திருந்தார்கள். புள்ளி இருந்த படங்களும் கிடைத்தன, இல்லாத படங்களும் கிடைத்தன. இரண்டையும் நேர வரிசையில் அடுக்கித்தான் வெடிப்பின் வெளிச்சம் முதலில் வெளியே வந்த நேரத்தைச் சில மணி நேரத்துக்குள் குறுக்கினார்கள். எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் என்ற அந்தச் சூப்பர்நோவாவை, அதாவது வெடித்துச் சிதறிய விண்மீனைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் சிறிய தொலைநோக்கிகளின் தரவு இருப்பதற்கு இதுதான் காரணம்.

சூப்பர்நோவாவைக் கண்டுபிடிப்பது ஒரு கலை. அதை இங்கே தொடப்போவதில்லை. இது, வேறு யாரோ கண்டுபிடித்ததை இரவு தோறும் அளந்து எண்ணாக மாற்ற விரும்புகிறவர்களுக்கான வழிகாட்டி. கண்டுபிடிக்க அதிர்ஷ்டமும் வேண்டும்; அளக்கப் பொறுமை போதும்.

அளப்பது எதை, எதற்காக

வானியலில் வெளிச்சத்தைச் சொல்லும் அலகு பொலிவெண், அதாவது மேக்னிட்யூட். எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். 5 பொலிவெண் வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு. ஒரு பொலிவெண் சுமார் 2.5 மடங்கு. நாளுக்கு நாள் எடுத்த பொலிவெண்களை நேரத்துக்கு எதிராகக் குறித்தால் கிடைப்பது ஒளிவளைகோடு. சூப்பர்நோவாவைப் பொறுத்தவரை அந்தக் கோட்டின் வடிவமே அதன் உள் கதை.

வெள்ளைக் குள்ளன் (எரிந்து முடிந்த விண்மீனின் சிறிய, அடர்ந்த மிச்சம்) ஒன்று முழுதாக வெடிக்கும் வகை 1ஏ, ஏறத்தாழ 18 நாட்களில் உச்சத்துக்கு ஏறி, பிறகு ஒழுங்காக இறங்கும். உச்சத்துக்குப் பின் 15 நாட்களில் நீல ஒளியில் எவ்வளவு மங்குகிறது என்பதை அளந்தால், அது உண்மையில் எவ்வளவு பிரகாசமானது என்று சொல்லிவிடலாம். மெதுவாக மங்குபவை அதிகப் பிரகாசமானவை. 1993-ல் மார்க் ஃபிலிப்ஸ் நிறுவிய இந்தத் தொடர்பைக் கொண்டுதான் தொலைவுகளை அளந்து, 1998-ல் பிரபஞ்சம் வேகமெடுத்து விரிகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். பெரிய விண்மீனின் மையம் சரிந்து வெடிக்கும் வகை 2-ல் பெரும்பாலானவை வேறு மாதிரி: ஏறிய பின் ஏறக்குறைய 100 நாட்கள் மேட்டுநிலம்போல் சமமாக நீடித்து, பிறகு சட்டென்று சரியும். சரிந்த பின் வால் பகுதி வரும். அங்கே வெளிச்சத்துக்கு எரிபொருள் கதிரியக்கக் கோபால்ட்-56. அதன் அரை ஆயுள் 77 நாட்கள். அந்தக் கணக்குப்படியே வெளிச்சம் 100 நாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு பொலிவெண் வீதம் குறையும். வால் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதிலிருந்து வெடிப்பில் எவ்வளவு நிக்கல்-56 (சிதைந்து கோபால்ட்-56 ஆவது இதுதான்) உருவானது என்று கணக்கிடலாம்.

முதல் படி: இலக்கைத் தேர்ந்தெடுத்தல்

புதிய பொருட்கள் எல்லாம் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் ட்ரான்சியன்ட் நேம் சர்வரில் பதிவாகின்றன. பெயருக்கு முன்னால் ஏடி என்று இருந்தால் அது இன்னும் வேட்பாளர்தான். நிறமாலை எடுத்து வகையை உறுதி செய்த பிறகே எஸ்என் ஆகும். தினமும் டஜன் கணக்கில் வரும். பெரும்பாலானவை 18, 19 என்ற அளவில் மங்கலானவை, நமக்கு ஆகாது. உங்கள் கருவியின் எல்லையைவிடக் குறைந்தது ஒன்றரை பொலிவெண் பிரகாசமாக உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லையிலேயே நிற்கும் ஒன்றைத் தொடங்கினால், மங்கத் தொடங்கிய வாரத்தில் கைவிட வேண்டியதாகிவிடும். 15 செ.மீ. தொலைநோக்கி வழியாக இருண்ட வானில் கண்ணால் 13 வரை எட்டலாம். அதே தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்திச் சில நிமிடங்கள் வெளிச்சத்தைச் சேர்த்தால் 16-ஐத் தாண்டுவது கடினமல்ல.

பெரிய வானாய்வுத் திட்டங்கள் இருக்கும்போது நாம் எதற்கு என்ற கேள்வி இங்கே எழும். கலிஃபோர்னியாவின் பாலோமரிலுள்ள ஸ்விக்கி ட்ரான்சியன்ட் ஃபெசிலிட்டி, அட்லஸ், ருபின் ஆய்வகத்தின் 8.4 மீட்டர் தொலைநோக்கி எல்லாம் மங்கலானவற்றைத் தேடுவதற்காகக் கட்டப்பட்டவை. அருகிலுள்ள திரளில் வெடித்து 11, 12 என்று பிரகாசிக்கும் ஒன்று பெரிய தொலைநோக்கியின் பிக்சல்களை நிரப்பி வழியச் செய்துவிடும். அதுவும் போக, அவை திட்டமிட்ட வரிசையில்தான் வானத்தைச் சுற்றி வரும். ஒரே இலக்கை இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அவற்றால் முடியாது. பிரகாசமான சூப்பர்நோவா சிறிய தொலைநோக்கியின் களம். நிறமாலையைத் தொழில்முறை வானியலாளர்கள் எடுப்பார்கள். அதை எந்த நாளின் வெளிச்சத்தோடு பொருத்துவது என்பதற்கு நம் எண்கள் வேண்டும்.

இரண்டாம் படி: ஒப்பீட்டு விண்மீன்கள்

மொத்த வேலையின் உயிர்நாடி இதுதான். சூப்பர்நோவாவை நாம் தனியாக அளப்பதே இல்லை. பொலிவெண் ஏற்கெனவே தெரிந்த, மாறாத விண்மீன் ஒன்றோடு வைத்து ஒப்பிடுகிறோம். ஒப்பீடு தவறினால் மற்றதெல்லாம் எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் வீண்.

1911-ல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கம் (ஏஏவிஎஸ்ஓ) உலகில் எவருக்கும் இலவசமாக ஒப்பீட்டு வரைபடங்களைத் தருகிறது. அவர்களின் வரைபடக் கருவியில் சூப்பர்நோவாவின் பெயரைக் கொடுத்தால், சுற்றியுள்ள ஒப்பீட்டு விண்மீன்கள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எண் போட்டு வரும். 118 என்று இருந்தால் 11.8 என்று பொருள். தசமப் புள்ளி இன்னொரு விண்மீனாகத் தெரிந்து குழப்பிவிடக் கூடாது என்பதால் அதை அச்சிடுவதில்லை. வரைபடத்தின் அடையாள எண்ணைக் குறித்து வையுங்கள்; பதிவு அனுப்பும்போது கேட்பார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? சூப்பர்நோவாவுக்குப் பக்கத்தில் இருப்பதும், அதைவிட ஒரு பொலிவெண்ணுக்குள் கூடவோ குறையவோ உள்ளதும், மிகச் சிவப்பாக இல்லாததுமான விண்மீன்கள் நல்லவை. கேமரா பயன்படுத்துபவர்கள் இன்னொரு விண்மீனைச் சரிபார்ப்புக்கென்று தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பொலிவெண் நமக்குத் தெரியும். இருந்தும் தெரியாததுபோல அளந்து பார்ப்போம். பட்டியலில் உள்ளதிலிருந்து 0.05-க்கு மேல் விலகினால் அன்றைய அளவீட்டில் எங்கோ கோளாறு. முதலில் எடுத்த ஒப்பீட்டு விண்மீன்களையே கடைசி வரை வைத்திருங்கள். நடுவில் மாற்றினால் ஒளிவளைகோட்டில் ஒரு படிக்கட்டு விழும். அதைச் சூப்பர்நோவாவின் குணம் என்று யாராவது நினைத்துக்கொள்ளக்கூடும்.

மூன்றாம் படி, கண்ணால்

கண்ணால் மதிப்பிடுவது பழைய முறை. ஆனால் பிரகாசமான சூப்பர்நோவாவுக்கு இன்றும் பயனுள்ளது. டைகோ பிராஹே 1572-ல் காசியோப்பியாவில் வெடித்ததை வெள்ளி, வியாழன், பிறகு பல்வேறு விண்மீன்கள் என்று ஒப்பிட்டு எழுதி வைத்த குறிப்புகளிலிருந்தே 20-ஆம் நூற்றாண்டில் அதன் ஒளிவளைகோட்டை மறுபடி வரைய முடிந்தது. தொலைநோக்கியே இல்லாத காலம் அது.

செய்முறை இது. சூப்பர்நோவாவைவிடச் சற்றுப் பிரகாசமான ஒன்று, சற்று மங்கலான ஒன்று என இரண்டு ஒப்பீட்டு விண்மீன்களைப் பிடியுங்கள். ஒன்று 11.2, மற்றது 11.8 என்று வையுங்கள். சூப்பர்நோவா இரண்டுக்கும் நடுவில் எந்த இடத்தில் நிற்கிறது? சரி நடுவே என்றால் 11.5. பிரகாசமானதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி என்றால் 11.4. பழகியவர்களுக்கு 0.1 முதல் 0.2 வரை துல்லியம் கிடைக்கும்.

கண்ணின் குறும்புகள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிவப்பு விண்மீனை உற்றுப் பார்த்தால் அது பார்க்கப் பார்க்கப் பிரகாசமாகிக்கொண்டே போகும். ஆகவே உற்றுப் பார்க்காமல், விட்டுவிட்டு வெடுக்கென்று நோக்குங்கள். மங்கலானதைக் கடைக்கண்ணால் பார்க்கும்போது சூப்பர்நோவா, ஒப்பீட்டு விண்மீன் இரண்டையும் அதே கடைக்கண்ணால் பாருங்கள். ஒன்றை நேராகவும் மற்றதை ஓரமாகவும் பார்த்தால் ஒப்பீடு கெட்டுவிடும். ஒன்றை மையத்துக்குக் கொண்டுவந்து பார்த்து, பிறகு மற்றதை அதே மையத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள கற்பனைக் கோடு உங்கள் கண்களை இணைக்கும் கோட்டுக்கு இணையாக இருக்கும்படி தலையைச் சாய்த்துக்கொள்வதும் உதவும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து மனம். நேற்று 11.5, மங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால், இன்று 11.6 என்று கண் சொல்லிவிடும். அதனால் பழைய குறிப்பைப் பார்க்காமல், மற்றவர்கள் அனுப்பிய எண்களையும் பார்க்காமல், முதலில் உங்கள் எண்ணை எழுதிவிட வேண்டும். சூப்பர்நோவா கிடைக்கும் வரை பயிற்சி எடுக்க செஃபியஸ் டெல்ட்டா நல்ல விண்மீன். 5 நாள் 9 மணி நேரத்துக்கு ஒருமுறை 3.5-க்கும் 4.4-க்கும் இடையே ஏறி இறங்கும். அருகிலேயே 3.4-ல் ஸீட்டாவும் 4.2-ல் எப்சிலானும் இருக்கின்றன. வெறும் கண்ணே போதும். உங்கள் மதிப்பீடுகளை ஒரே சுழற்சியாக மடித்து வரைந்து பாருங்கள். வேகமான ஏற்றமும் மெதுவான இறக்கமும் தெரிந்தால் கண் பழகிவிட்டது.

மூன்றாம் படி, கேமராவால்

அழகான படம் எடுக்கும் பழக்கம் இங்கே எதிரி. அளவீட்டுப் படத்தில் நிற அழகூட்டல், இரைச்சல் நீக்கம், கூர்மையாக்கல் எதுவும் கூடாது. அவை ஒவ்வொன்றும் பிக்சலின் எண்ணை மாற்றிவிடும். நமக்கு வேண்டியது அந்த எண்தான். ஜேபெக் வேண்டாம், ரா (கேமரா மாற்றாமல் தரும் கோப்பு) அல்லது ஃபிட்ஸ் (வானியல் படங்களுக்கான வடிவம்) கோப்பாகச் சேமியுங்கள். நகர வெளிச்சத்தை வடிகட்டும் ஒளிமாசு ஃபில்டரையும் கழற்றிவிடுங்கள். சூப்பர்நோவாவின் நிறமாலை சாதாரண விண்மீனுடையது போன்றதல்ல. அந்த ஃபில்டர் எதை விழுங்கியது என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

சிறந்தது ஜான்சன் பி (நீல ஒளி), வி (பச்சை-மஞ்சள் ஒளி) போன்ற அளவீட்டு ஃபில்டர்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வி. அதற்கும் வழியில்லையென்றால் கலர் கேமராவின் பச்சைப் பிக்சல்களை மட்டும் பிரித்து அளந்து டிஜி என்ற குறியீட்டோடு அனுப்பலாம். ஃபில்டரே இல்லாத கறுப்பு வெள்ளைக் கேமராவில் எடுத்து, ஒப்பீட்டு விண்மீன்களின் வி மதிப்புகளை வைத்துக் கணக்கிட்டால் சிவி. இந்தக் குறியீட்டைச் சரியாகப் போடுவது ஃபில்டர் வைத்திருப்பதற்குச் சமமான முக்கியத்துவம் உடையது. 2014-ல் எம்82 திரளில் வெடித்த எஸ்என் 2014ஜெ, திரளின் தூசியால் சிவந்து, வி ஃபில்டரில் 10.5-ஐ ஒட்டி உச்சம் தொட்டபோது, நீல பி ஃபில்டரில் ஒரு பொலிவெண்ணுக்கும் மேல் மங்கலாக இருந்தது. எந்த ஃபில்டர் என்று சொல்லாத எண்ணுக்கு அங்கே அர்த்தமே இல்லை.

படம் எடுக்கும்போது சூப்பர்நோவாவோ ஒப்பீட்டு விண்மீனோ நிறைந்து வழியக்கூடாது. பிக்சலின் உச்ச எண்ணில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் வெளிச்ச நேரத்தை வையுங்கள். நீண்ட நேரம் எடுத்த ஒரே படத்தைவிடக் குறைந்த நேரப் படங்கள் பலவற்றை எடுத்துக் கூட்டுவது பாதுகாப்பு. வெடித்த முதல் சில மணி நேரம் தவிர, அரை மணியில் சூப்பர்நோவா கவனிக்கத்தக்க அளவு மாறாது. பிரகாசமான மாறொளிர் விண்மீன்களை அளப்பவர்கள் ஃபோகஸைச் சற்று கலைத்து எடுப்பதுண்டு. திரளுக்குள் இருக்கும் சூப்பர்நோவாவுக்கு அதைச் செய்யாதீர்கள், பக்கத்திலுள்ள சுருள் கரத்தின் வெளிச்சமும் புள்ளிக்குள் கலந்துவிடும். டார்க் (மூடி போட்டு எடுத்தது), ஃப்ளாட் (சீரான வெளிச்சத்தை எடுத்தது), பயாஸ் (மூடி போட்டு மிகக் குறைந்த நேரம் எடுத்தது) படங்களைக் கழித்தும் வகுத்தும் திருத்துவது கட்டாயம். ஃப்ளாட் இல்லாவிட்டால் லென்ஸின் ஓரமங்கலும் தூசிப் புள்ளியும் சேர்ந்து சில சதவீதப் பிழையைக் கொண்டுவந்துவிடும்.

பிறகு கணக்கு. ஆஸ்ட்ரோஇமேஜ்ஜெ போன்ற இலவச மென்பொருளில் சூப்பர்நோவாவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு உள்ளிருக்கும் வெளிச்சத்தைக் கூட்டி, அதைச் சுற்றிய வளையத்திலிருந்து பின்னணியைக் கழிக்கிறோம். வட்டத்தின் ஆரம் விண்மீன் பிம்பத்தின் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு இருந்தால் போதும். எல்லா விண்மீன்களுக்கும் அதே ஆரம். சூப்பர்நோவாவுக்கு 42,000 எண்ணிக்கை, 12.30 பொலிவெண் கொண்ட ஒப்பீட்டு விண்மீனுக்கு 60,000 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். விகிதம் 0.7. அதன் மடக்கையை மைனஸ் 2.5-ஆல் பெருக்கினால் 0.39. ஆக, சூப்பர்நோவா 12.69. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 50 என்றால் பிழை சுமார் 0.02; 20 என்றால் 0.05. மென்பொருள் தரும் பிழை எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். சரிபார்ப்பு விண்மீன் இரவுக்கு இரவு எவ்வளவு ஆடுகிறதோ அதுவே உங்கள் உண்மையான பிழை.

நான்காம் படி: திரளின் வெளிச்சத்தைக் கழித்தல்

பெரும்பாலான அமெச்சூர் ஒளிவளைகோடுகள் கெடுவது இந்த இடத்தில். சூப்பர்நோவா வெற்று வானில் நிற்பதில்லை. திரளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உச்சத்தில் இருக்கும்போது திரளின் வெளிச்சம் பொருட்டல்ல. மங்க மங்க, வட்டத்துக்குள் இருக்கும் வெளிச்சத்தில் பெரும்பகுதி திரளுடையதாகிவிடும். சூப்பர்நோவா இறங்கிக்கொண்டே இருக்க, உங்கள் கோடு மட்டும் ஒரு மட்டத்தில் படுத்துவிடும். திரளின் மையத்துக்கு அருகில் வெடித்ததென்றால் உச்சத்திலேயே இந்தத் தொல்லை தொடங்கும்.

தீர்வு ஒன்றுதான்: சூப்பர்நோவா இல்லாத படத்தைச் சூப்பர்நோவா உள்ள படத்திலிருந்து கழிப்பது. அந்த மூலப் படம் உங்கள் தொலைநோக்கியில், உங்கள் ஃபில்டரில் எடுத்ததாக இருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் பான்-ஸ்டார்ஸ், எஸ்டிஎஸ்எஸ் போன்ற வானாய்வுகளின் பொதுப் படங்களை எடுத்து, பிம்ப அகலத்தைச் சமப்படுத்திக் கழிக்கலாம். ஃபில்டர் வேறுபாட்டால் கொஞ்சம் பிழை நுழையும். ஆனாலும் கழிக்காமல் விடுவதைவிட மேல். அருகிலுள்ள பிரகாசமான திரள்களை எல்லாம் இப்போதே ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளலாம். எம்101-ல் 2011-லும் வெடித்தது, 2023-லும் வெடித்தது. அடுத்தது எங்கே என்று யாருக்கும் தெரியாது.

ஐந்தாம் படி: தெரியாததையும் பதிவு செய்தல்

1987 பிப்ரவரி 23, உலக நேரம் காலை 7:35. பெரிய மெகல்லன் மேகம் என்ற அண்டைத் திரளில் ஒரு விண்மீனின் மையம் சரிந்தபோது கிளம்பிய நியூட்ரினோக்கள் (எதையும் எளிதில் ஊடுருவும் நுண்துகள்கள்) ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த உணரிகளில் பதிந்தன. யாருக்கும் அப்போது அது தெரியாது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து நியூசிலாந்தில் ஆல்பர்ட் ஜோன்ஸ் வழக்கமான மாறொளிர் விண்மீன் வேலையாக அதே பகுதியைப் பார்த்தார். 7.5 வரை புதிதாக எதுவும் இல்லை. 10:38-க்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் மெக்நாட் எடுத்த படத்தில், பின்னர் தேடியபோது, 6-ஐ ஒட்டிய ஒரு விண்மீன் இருந்தது. சிலியில் இயன் ஷெல்டன் அதைக் கண்டுபிடித்தது மறுநாள்.

இவற்றில் முதல் மூன்று நேரங்களையும் சேர்த்துப் பாருங்கள். மையம் சரிந்த கணம் நியூட்ரினோவால் தெரியும். அதிர்ச்சி அலை விண்மீனின் மேற்பரப்பை உடைத்துக்கொண்டு வெளிவர சுமார் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை என்பது ஜோன்ஸின் "இல்லை"யும் மெக்நாட்டின் படமும் சேர்ந்து சொன்னது. சிவப்புப் பெருவிண்மீனாக இருந்திருந்தால் அலை வெளிவர ஒரு நாள் அளவுக்கு ஆகியிருக்கும். வெடித்தது அதைவிடச் சிறிய, நீலப் பெருவிண்மீன். அங்கே முன்பு இருந்த விண்மீன் நீலமானது என்று பழைய படங்களும் காட்டின. கோட்பாட்டாளர்கள் சிவப்பை எதிர்பார்த்திருந்த நேரத்தில், பார்த்தேன் ஒன்றும் இல்லை என்ற ஒரு வரிக் குறிப்பு அந்த அளவு கனத்தது.

ஆகவே மேகம் இல்லாத இரவில் இலக்கு தெரியவில்லையென்றால் பேசாமல் மூடிவைத்துவிட்டுப் போகாதீர்கள். அன்று உங்களுக்குத் தெரிந்த மிக மங்கலான ஒப்பீட்டு விண்மீன் எதுவோ அதன் எண்ணைக் குறித்து, அதைவிட மங்கல் என்ற குறியோடு பதியுங்கள். என் கணிப்பில், ஒரு நல்ல "தெரியவில்லை", உச்சத்தின்போது வரும் நூறாவது "12.1"-ஐவிட மதிப்புள்ளது.

எவ்வளவு அடிக்கடி?

வெடித்த முதல் வாரத்தில் முடிந்தால் ஒரே இரவில் பல முறை. 2016 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் விக்டர் பூசோ புதிய கேமராவைச் சோதிக்கும்போது என்ஜிசி 613 திரளைத் தொடர்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சூப்பர்நோவா தோன்றி நிமிடங்களுக்குள் பிரகாசிப்பதை அந்த வரிசை பிடித்துவிட்டது. அப்படி ஒன்று வாய்ப்பது அரிது என்றாலும் இடைவெளி விடாத வரிசையின் மதிப்பு அதில் தெரிகிறது. உச்சத்தைச் சுற்றி ஓரிரு இரவுக்கு ஒருமுறை. வகை 2-ன் சம நிலையில் வாரம் ஒருமுறை போதும். ஆனால் 80-ஆம் நாளிலிருந்து விழிப்பாக இருங்கள், சரிவு தொடங்கிவிட்டால் மறுபடி இரவுதோறும் எடுக்க வேண்டும்.

பலரும் உச்சம் தாண்டியதும் அடுத்த இலக்குக்குத் தாவிவிடுகிறார்கள். வால் பகுதியில் நோக்கர்கள் சொற்பம். நிக்கலின் அளவைச் சொல்லும் பகுதி அதுதான் என்பதால், மற்றவர்கள் விட்ட இடத்தில் பத்து நாளுக்கு ஒரு புள்ளி வைப்பது கூட்டத்தோடு சேர்ந்து உச்சத்தில் நூறு புள்ளி வைப்பதைவிடப் பயன் தரும்.

ஆறாம் படி: பதிந்து அனுப்புதல்

நேரத்தை உலக நேரத்தில் குறியுங்கள். கணினிக் கடிகாரத்தை இணைய நேரத்தோடு ஒத்திசைத்து வையுங்கள். ஏஏவிஎஸ்ஓ ஜூலியன் நாளைக் கேட்கும். அது நண்பகலில் தொடங்கும் தொடர் எண்ணிக்கை: இதாகாகியின் கண்டுபிடிப்பு நேரம் அதில் 2460084.23. படத் தொகுப்பாக இருந்தால் நடு நேரத்தைக் கொடுக்க வேண்டும், தொடங்கிய நேரத்தையல்ல. நோக்கர் குறியீடு ஒன்றை இலவசமாகப் பெற்று, பொலிவெண், பிழை, ஃபில்டர், ஒப்பீட்டு விண்மீன், சரிபார்ப்பு விண்மீன், வரைபட எண் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். நிலா அருகில் இருந்தது, மெல்லிய மேகம் ஓடியது என்றால் அதையும் குறிப்பில் எழுதுங்கள். சந்தேகமான எண்ணைச் சந்தேகத்தோடு அனுப்பினால் ஆய்வாளர் அதை எடை குறைத்துப் பயன்படுத்துவார். மறைத்து அனுப்பினால் நல்ல எண்களையும் சேர்த்து ஒதுக்க நேரிடும்.

மற்றவர்களின் கோட்டிலிருந்து உங்கள் கோடு எப்போதும் 0.1 மேலேயோ கீழேயோ ஒரே சீராக நின்றால் பயப்பட வேண்டாம். கருவிகளுக்கிடையே அது இயல்பு. எம்67 போன்ற தரநிலைக் கொத்தைப் படம் எடுத்து உங்கள் கருவியின் நிறத் திருத்தத்தைக் கண்டுபிடித்தால் பெருமளவு சரியாகும். முழுதாகச் சரியாகாது, அந்தத் திருத்தம் விண்மீன்களுக்கானது, சூப்பர்நோவாவின் நிறமாலையோ அகன்ற கோடுகளால் ஆனது. தொழில்முறையாளர்கள் அதற்குத் தனித் திருத்தம் போடுகிறார்கள். எனவே எண்களைப் பிறருடையதோடு ஒட்டும்படி நீங்களாக நகர்த்தாதீர்கள். சீரான விலகலை அவர்களே கண்டுபிடித்துக் கழித்துவிடுவார்கள்.

திருத்தாத மூலக் கோப்புகளை அழிக்காமல் வையுங்கள். ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து, சூப்பர்நோவா உங்கள் எல்லைக்குக் கீழே போன பிறகு, அதே தொலைநோக்கியில் அதே ஃபில்டரில் அந்தத் திரளை நல்ல இரவு ஒன்றில் நீண்ட நேரம் எடுங்கள். அதுவே கழிப்பதற்கான மூலப் படம். அதை வைத்துப் பழைய படங்கள் எல்லாவற்றையும் மறுபடி அளந்து, சங்கத்தின் தரவுத்தளத்தில் உங்கள் பழைய எண்களைத் திருத்திப் பதியுங்கள்.